மாட்டில் ‘ம்’ போனால் ஆடு

கேள்வி கேட்ட அம்மா எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு எட்டு வயது, இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. பேச்சில் சூட்டிகை, கிரிக்கெட் ஸ்கோர், பஸ் ரூட், பாட்டி சொன்ன கதை எல்லாம் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் கொட்டாவி, தண்ணீர், பாத்ரூம். நேற்று படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது. ஸ்மால் பி-யையும் ஸ்மால் டி-யையும் மாற்றி எழுதுகிறான். டீச்சர் “கவனமே இல்லை” என்கிறார், மாமியார் “எல்லாம் செல்போனால்தான்” என்கிறார், பக்கத்து வீட்டில் “டிஸ்லெக்ஸியாவா இருக்கும், தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் சொல்லிக்கொடுங்க” என்கிறார்கள். இது டிஸ்லெக்ஸியாதானா, அதாவது வாசிக்கவும் எழுத்துக் கூட்டவும் மட்டும் விடாமல் திணறுகிற கற்றல் குறைபாடா, என்ன செய்வது, தமிழை விட்டுவிடலாமா என்பது கேள்வி.

நான் பல வருஷமாக இப்படிப்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறவன். பையனைப் பார்க்காமல் இன்ன பிரச்சினை என்று பெயர் வைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன்: “யுகேஜியில் புத்தகம் முழுவதையும் கடகடவென்று வாசிப்பான், இப்போதுதான் இப்படி ஆகிவிட்டான்.” அவன் அப்போதும் வாசித்திருக்க மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படத்தைப் பார்த்ததும் மிஸ் சொன்ன வரி அப்படியே நினைவுக்கு வந்திருக்கும், விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பித்திருப்பான். ஞாபகசக்தி அதிகமுள்ள பிள்ளை இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓட்டிவிடும், வீட்டிலும் பள்ளியிலும் யாருக்கும் தெரியாது. மூன்றாம் வகுப்பில் பாடம் நீள்கிறது, படம் குறைகிறது, ஒரே பக்கத்தில் பத்து புதுச் சொல் வருகிறது. மனப்பாடம் அங்கே கைவிட்டுவிடுகிறது. உடனே “திடீர்னு படிப்பு இறங்கிப்போச்சு” என்கிறோம். இவ்வளவு நாள் மூடிக் கிடந்தது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம், செலவில்லை. ஒரு தாளில் அர்த்தமே இல்லாத சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தமிழில் தமுகி, பீலாடு, நொப்பல், கேமிரு. இங்கிலீஷில் எம்-ஐ-எஃப், என்-யூ-எல், வி-ஓ-எம் என்று மூன்றெழுத்துச் சொற்கள். “இதெல்லாம் வேற்றுக்கிரகத்து ஆளுங்க பேரு, வாசி பார்ப்போம்” என்று கொடுங்கள். தெரிந்த சொல்லை ஞாபகத்திலிருந்து சொல்லிவிட முடியும். உலகத்தில் இல்லாத சொல்லை எழுத்துக் கூட்டித்தான் சொல்ல முடியும். ‘தமுகி’யைப் பார்த்து ‘தமிழ்’ என்றால் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஊகிக்கிறான் என்று அர்த்தம். இங்கிலீஷ் சொற்களைப் பார்த்து வாயே திறக்கவில்லை என்றாலும் திட்டாதீர்கள், அந்தத் தாளில் தேதி போட்டு எடுத்து வையுங்கள், பிறகு வேண்டும்.

அடுத்தது புத்தகமே வேண்டாத விளையாட்டு. ‘மலை’யில் ‘ம்’ சத்தத்தை எடுத்துவிட்டால் என்ன வரும்? அலை. மாடு? ஆடு. நிலை? இலை. கொட்டு? ஒட்டு. முதல் தடவை மாட்டுக்கு ‘டு’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லலாம், ஏனென்றால் நாம் ‘மா’ முழுவதையும்தான் ஒரு எழுத்து என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நாலைந்து தடவை செய்துகாட்டி, ‘ம்ம்ம்…ஆ’ என்று இழுத்துக் காட்டினால் எட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் நம்மையே மடக்க ஆரம்பித்துவிடுவார்கள். எவ்வளவு காட்டினாலும் ‘டு’விலேயே நிற்கிற பிள்ளையிடம்தான் நான் கூடுதலாக உட்காருவேன். மா-வுக்குள் ‘ம்’ என்றும் ‘ஆ’ என்றும் இரண்டு சத்தம் இருப்பது அந்தக் காதில் பிரிந்து விழவில்லை. டிஸ்லெக்ஸியா என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை.

இதில் நமக்கெல்லாம் ஒரு குழப்பம் உண்டு. பேச்சு தானாக வந்தது, அதுபோல வாசிப்பும் வந்துவிடும் என்று நினைக்கிறோம். பேச்சை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, நாலு பேர் பேசுகிற வீட்டில் வளர்ந்தால் போதும். எழுத்து பிறந்தே ஐயாயிரம் வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதிலும் ஊரில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று வந்தது நேற்று முந்தாநாள். மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. 1979-இல் ஜோஸே மொராயிஸும் அவருடைய சகாக்களும் போர்ச்சுகலில், கிட்டத்தட்ட நம் மாடு-ஆடு விளையாட்டையே எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் நடத்திப் பார்த்தார்கள். வாய் நிறையப் பேசுகிற அந்த ஆட்களில் பெரும்பாலானவர்களால் ஒரு சொல்லின் முதல் சத்தத்தை மட்டும் கழற்ற முடியவில்லை. அதே மாதிரிப் பின்னணியிலிருந்து வந்து, பெரியவர்களான பிறகு எழுத்து கற்றவர்களால் முடிந்தது. அதாவது தனித்தனிச் சத்தம் என்பது எழுத்தோடு சேர்த்துக் கற்றால்தான் காதுக்குப் பிடிபடுகிறது. சில பிள்ளைகளுக்கு லேசாகக் காட்டினாலே பிடித்துக்கொள்ளும், சிலருக்கு ஒவ்வொரு படியாகக் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். உங்கள் மகன் இரண்டாவது வகையாக இருக்கலாம்.

அந்த பி-டி மாற்றத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதை நான் இரண்டாம் பட்சமாகத்தான் வைப்பேன். பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் இதை அழகாக விளக்குகிறார்: முகத்தையும் பொருளையும் அடையாளம் கண்டுகொண்டிருந்த மூளைப் பகுதியில் ஒரு துண்டு, இடப்பக்கம் பின்னால் கீழே, படிக்கக் கற்கும்போது எழுத்துக்கு மாற்றி வேலை வாங்கப்படுகிறது. அந்தப் பகுதியின் பழைய பழக்கமோ, திருப்பி வைத்தாலும் அது அதேதான் என்பது. டம்ளரை எந்தப் பக்கம் பார்த்தாலும் டம்ளர்தான், மாடு வலப்பக்கம் பார்த்தாலும் இடப்பக்கம் பார்த்தாலும் மாடுதான். பிள்ளையின் வாழ்க்கையில், வயிறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துப் பெயரே மாறுகிற முதல் பொருள் இந்த பி-யும் டி-யும்தான்! ஆறு ஏழு வயது வரை நிறையப் பிள்ளைகள் இதில் தடுமாறும். எட்டு வயதிலும் தொடர்ந்தால் எழுத்தோடு பழக்கம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இதை மட்டும் வைத்து யாராவது டிஸ்லெக்ஸியா என்று முடிவுகட்டினால் நம்பாதீர்கள். தமிழில் இப்படிக் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஜோடி எழுத்துகள் கிடையாது, ஆனாலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்ஸியா வருகிறது.

எழுத்து குதிக்கிறது, ஆடுகிறது, கண்ணில்தான் கோளாறு என்கிற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், இதை முதலில் கவனித்தவர்களில் பலர் கண் மருத்துவர்கள். டிஸ்லெக்ஸியா என்ற சொல்லையே 1880-களில் உண்டாக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், மூளை பாதித்து வாசிப்பை இழந்த பெரியவர்களுக்காக. பிள்ளைகளில் இதைப் பதிவு செய்தவர் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இருந்த பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், 1896-இல். அவர் எழுதிய பையனுக்கு 14 வயது, பெயர் பெர்சி. தன் பெயரையே ‘ப்ரெசி’ என்று எழுதிவிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சுட்டிக்காட்டிய பிறகுதான் தவறைப் பார்த்தான். ஆனால் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் மளமளவென்று சரியாகப் போட்டான். பாடம் முழுவதும் வாய்வழியாகவே நடந்திருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதையும் மார்கன் எழுதிவைத்திருக்கிறார். நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய பையன், உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியது போலவே இல்லையா?

சரி, இங்கிலீஷுக்கு வருவோம், ஏனென்றால் நம் ஊரில் பாதிச் சிக்கல் அங்கே நாமே உண்டாக்குவது. நம் வீடுகளிலும் பல வகுப்புகளிலும் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? “சி-ஏ-டீ, கேட்.” பத்து தடவை சொல், இருபது தடவை எழுது. தமிழில் இந்த முறை ஓடும்: ‘ப, ட, ம், படம்’ என்று வேகமாகச் சொன்னாலே சொல் வந்துவிடும், எழுத்தின் பெயரும் சத்தமும் ஒன்றுதானே. சி-ஏ-டீ என்பதை வேகமாகச் சொன்னால் ‘சியேட்டீ’ என்று டயர் கம்பெனி பெயர் மாதிரி ஏதோ வரும், பூனை வராது. பிள்ளைக்கு இதில் ஒரு கணக்கும் புரிவதில்லை. இது பெரியவர்கள் வைத்த ரகசியக் குறியீடு, மனப்பாடம் செய்வதுதான் வழி என்று முடிவெடுத்துவிடுகிறது. ‘க்…ஆ…ட்’ மாதிரி சத்தத்தைச் சொல்லிக்கொடுப்பதைத்தான் ஃபோனிக்ஸ் என்கிறார்கள். அதிலும் ‘க, ட’ என்று அகரம் சேர்த்துச் சொல்லிவிட்டால் பழைய கதைதான், ‘கஆட’ என்று இழுத்துக்கொண்டிருப்பான்; நறுக்கென்று மெய்யாகச் சொல்ல வேண்டும்.

இங்கிலீஷ் எழுத்து உண்மையிலேயே கடினமானது, இது பிள்ளைகளின் குற்றமில்லை. 2003-இல் ஃபிலிப் சீமோரும் மற்றவர்களும் பதின்மூன்று ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்பு முடித்த பிள்ளைகளை வாசிக்க வைத்துப் பார்த்தபோது, ஃபின்னிஷ், கிரேக்கம், ஸ்பானிஷ் பிள்ளைகள் பழக்கமான சொற்களைக் கிட்டத்தட்ட எல்லாமே சரியாக வாசித்தார்கள். இங்கிலீஷ் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் வீட்டில் இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகள்! நம் பிள்ளை அந்தச் சொல்லை வாழ்க்கையில் கேட்டதே இல்லை என்ற நிலையில் வாசிக்க உட்காருகிறது. அப்புறம் ‘பஸ்’ஸில் வருகிற பி-க்குப் பதிலாக ‘பென்’னில் வருகிற பீ-யை எழுதுவது, ‘ஸ்கூல்’ முன்னால் ஓர் ‘ஐ’ போடுவது இதெல்லாம் தமிழ்க் காது செய்கிற வேலை. நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘ப’தான், ஒரு சொல்லும் ஒற்றில் தொடங்காது. இந்தப் பிழைகளைக் கூட்டிக்கொண்டு போய் டிஸ்லெக்ஸியா கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆகவே இங்கிலீஷில் மட்டும் திணறுகிறான் என்றால் சொல்லிக்கொடுத்த முறையை முதலில் சந்தேகப்படுவேன். தமிழிலும் திணறுகிறானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. நீங்கள் தமிழைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை, “தமிழ் செகண்ட் லாங்வேஜ்தானே” என்று ஒரு வரி மட்டும்.

தமிழைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இங்கிலீஷ் மாதிரி ஏமாற்றாத எழுத்து நம்முடையது. க, ச, ட, த, ப, ற மட்டும் இடத்துக்கு இடம் சத்தம் மாறும், ‘கடல்’ க-வும் ‘பகல்’ க-வும் ஒன்றல்ல, ஆனால் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு அது தானாகவே சரியாகிவிடும். அதைவிடப் பெரிய சௌகரியம் க் + ஆ = கா. உயிர், மெய், உயிர்மெய் என்று பிரித்த நம் இலக்கணக்காரர்கள், மா-வுக்குள் இருக்கிற இரண்டு சத்தத்தையும் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மேலே நான் சொன்ன மாடு-ஆடு விளையாட்டு, வேறொன்றுமில்லை, இந்தக் கூட்டலைத் தலைகீழாகச் செய்வதுதான். ஆனால் பள்ளியில் என்ன நடக்கிறது? ‘க, கா, கி, கீ’ என்று வரிசையாகப் பாட்டுப் பாட வைக்கிறோம். 247 எழுத்தும் ராகத்தோடு வரும். நடுவிலிருந்து ‘லூ’வைக் காட்டினால் ‘ல, லா, லி, லீ’ என்று முதலிலிருந்து ஓடி வந்தால்தான் லூ கிடைக்கிறது. மறுபடியும் மனப்பாடம்!

அப்புறம் எழுத்தின் வடிவத்தில் இருக்கும் பொறிகள். கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறது. ‘கெ’ என்பதில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது க்-ஐ. ‘கொ’வில் இன்னும் மோசம், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், நடுவில் க. ‘தொட்டி’யைத் ‘தெட்டி’ என்று வாசிக்கிற பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன், காலை விட்டுவிடுகிறார்கள். துணைக்காலும் ‘ர’வும் பல அச்சுகளில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ‘கௌ’வில் வருவது ‘ள’ மாதிரி இருக்கும், ஆனால் ள இல்லை. எல்லாவற்றையும்விட உகர ஊகார வரிசை: ‘பு’வில் ஒரு கோடு கீழே இறங்கி முடிகிறது, ‘மு’வில் வளைந்து சுற்றிக்கொள்கிறது, ‘து’வில் கடைசியில் ஒரு கால் முளைக்கிறது. மற்ற வரிசைகளில் குறியைக் கற்றால் போதும், இந்த இரண்டு வரிசையிலும் பதினெட்டையும் கிட்டத்தட்டத் தனித்தனியாகப் பழக வேண்டும். நல்ல வாசகராகப் போகிற பிள்ளையும் இங்கே தடுக்கி விழும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை, னா மாதிரிச் சில வடிவங்கள் நேராயின, இந்த உகர வரிசையை யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் என் வேலை பாதி குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன், சரி, அது வேறு சண்டை.

இவ்வளவு ஒழுங்கான எழுத்தில் டிஸ்லெக்ஸியா எப்படித் தெரியும் என்றால், தப்பாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதில் தெரியும். 2001-இல் எரால்டோ பவுலேசுவும் மற்றவர்களும் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாட்டிலும் டிஸ்லெக்ஸியா உள்ள கல்லூரி மாணவர்களை ஒப்பிட்டார்கள். மூளையில் தெரிந்த வித்தியாசம் மூன்று பேருக்கும் ஒன்றே. ஆனால் எழுத்து ஒழுங்காக இருக்கிற இத்தாலியர்கள் மற்றவர்களைவிட நன்றாக வாசித்தார்கள். தமிழ்ப் பிள்ளையும் இப்படித்தான், எல்லா எழுத்தும் தெரியும், கூட்டவும் தெரியும், ஆனால் ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடும். நம் மொழியில் சொல் வேறு நீளம். ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது ஒரே சொல்! கடைசிக்குப் போவதற்குள் முதலில் என்ன வாசித்தோம் என்பது போய்விடும். வீட்டில் பேசுவது ‘வந்துட்டாங்க’, புத்தகத்தில் இருப்பது ‘வந்துவிட்டார்கள்’, அதனால் ஊகமும் கைகொடுக்காது. “எல்லா எழுத்தும் தெரியுதே, அப்புறம் என்ன சோம்பேறித்தனம்” என்று அடி வாங்குவது இந்தப் பிள்ளைகள்தான்.

தமிழை விட்டுவிடாதீர்கள். இரண்டு மொழி சேர்ந்ததால் டிஸ்லெக்ஸியா வருவதில்லை, ஒன்றை நிறுத்தினால் போவதுமில்லை. அவனுக்கு அர்த்தம் தெரிந்த சொற்கள் தமிழில்தான் இருக்கின்றன, சத்தமும் எழுத்தும் ஒழுங்காகப் பொருந்துகிற இடமும் அதுதான். எழுத்துக் கூட்டினால் சொல் கிடைக்கும் என்கிற சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் அடுத்த மொழிக்கு அதை எடுத்துக்கொண்டு போகலாம். நீங்கள் கேட்ட மூன்றில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லாத பதில் இதுதான். ஒன்பது, பத்தாம் வகுப்பில் ஒரு மொழித் தாளுக்கு விலக்கு வாங்குவது பரீட்சை சம்பந்தப்பட்டது, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்லெக்ஸியாதானா என்பதற்கு: நன்றாகச் சொல்லிக்கொடுத்தும், கண்ணும் காதும் சரியாக இருந்தும், வாசிப்பும் ஸ்பெல்லிங்கும் மட்டும் வயதுக்கு வெகுவாகப் பின்தங்கி, விடாமல் அப்படியே இருந்தால் அந்தப் பெயர் வைக்கிறோம். எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். ரத்தத்தோடு வருவது, “அவங்க அப்பாவும் படிப்பில் இப்படித்தான், ஆனா எந்த மோட்டாரையும் பிரிச்சு மாட்டிடுவார்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மதிப்பீட்டுக்குப் போகும்போது அதையும் மறக்காமல் சொல்லுங்கள். முன்பெல்லாம் ஐக்யூ அதிகமாக இருந்து வாசிப்பு குறைவாக இருந்தால்தான் டிஸ்லெக்ஸியா என்றார்கள், அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

முதலில் கண், காது பரிசோதனை. அப்புறம் கிளினிகல் சைக்காலஜிஸ்ட் அல்லது அனுபவமுள்ள ஸ்பெஷல் எஜுகேட்டர். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில், டிஸ்லெக்ஸியா அடங்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் ஒன்று. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் எட்டு வயதிலிருந்து சான்றிதழ் தரலாம், பிறகு 14-லும் 18-லும் மறுபடி பார்க்க வேண்டும் என்று இருந்தது; இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் எந்தக் கிழமை வரவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித்தர ஆள் போன்ற சலுகைகள் உண்டு. சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். சென்னையில் இருந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்திலிருந்தே இந்த வேலையைச் செய்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. சான்றிதழ் வெட்கப்படுகிற காகிதமில்லை. அதே சமயம் அது வருகிற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், பெயர் எதுவானாலும் வீட்டில் செய்யவேண்டியது ஒன்றேதான். “போகப் போகச் சரியாகிடும்” என்கிறவர்களுக்கு நான் சொல்வது: 1988-இல் கானி ஜூவல் டெக்சாஸில் ஐம்பத்துநாலு பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார், முதல் வகுப்பில் பின்தங்கிய பிள்ளை நாலாம் வகுப்பிலும் பின்தங்கியே இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 88 என்று வந்தது.

வீட்டில் என்ன செய்வது? ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், அவன் களைத்துப் போகாத நேரமாகப் பார்த்து. முதல் ஐந்து நிமிஷம் வாயால் மட்டும். நம்மிடம் மோனை, எதுகை இரண்டும் சும்மா கிடக்கின்றன, எடுத்துப் பயன்படுத்துங்கள்: “கத்தரிக்காய், கம்பு, மரம், கடல், இதில் சேராதது எது?” “பட்டம், கட்டம், மரம், வட்டம்?” ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் க சேர்த்துப் பேசுவோமே அந்த ரகசிய பாஷை, அதைக் கற்றுக்கொடுங்கள், விழுந்து விழுந்து சிரிப்பான். விளையாட்டு மாதிரித்தான் தெரியும், ஆனால் 1983-இல் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் நானூறு பிள்ளைகள் அளவில் பார்த்தார்கள்: இப்படிச் சொற்களைச் சத்தத்தால் பிரிக்கத் தெரிந்த பிள்ளைகள் பின்னால் நன்றாக வாசித்தார்கள், அதையே பிளாஸ்டிக் எழுத்துகளை வைத்துக்கொண்டு பழக்கிய பிள்ளைகள் இன்னும் முன்னேறினார்கள். அதனால் அடுத்த பத்து நிமிஷம் எழுத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு செய்யுங்கள். ‘ட, ப, ம’ மூன்றிலும் இரண்டிரண்டு அட்டை, ஒற்றுக்கு மேலே வைக்க இரண்டு புள்ளி. படம், மடம், பட்டம், மட்டம். ஒரு துணைக்கால் அட்டையைச் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம். ஓர் அட்டையை மாற்றினால் ஒரு சொல் மாறுகிறது என்பதை அவன் கையே கண்டுபிடிக்க வேண்டும். புதுக் குறி ஒரு வாரத்துக்கு ஒன்று போதும், உகர வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிஷம் அவன் கற்ற எழுத்துகளை மட்டும் வைத்து நீங்களே எழுதிய நாலு வரி, அதையே மூன்று நாள் திரும்பத் திரும்ப. வேகம் அதில்தான் வரும். இங்கிலீஷுக்கும் இதே வழி, சத்தம், அட்டை, மூன்றெழுத்துச் சொல். மணலில் எழுதுவது, அரிசியில் எழுதுவது எல்லாம் செய்யலாம், பிள்ளைக்குப் பிடிக்கும், ஆனால் மந்திரம் மணலில் இல்லை, ஒரு படியைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாததில் இருக்கிறது.

அவனுடைய அப்பா கேட்டிருக்கிற “வாசித்தாலும் அர்த்தம் சொல்லத் தெரியலையே” என்பது வேறு கேள்வி. 1986-இல் கஃப், டன்மர் என்ற இருவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடிக்கும்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்துக் கூட்டும் திறனையும் மொழி அறிவையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல்; ஒன்று பூஜ்யமானால் விடை பூஜ்யம். அதே பாடத்தை நீங்கள் இங்கிலீஷில் படித்துக் காட்டுங்கள், புரியவில்லையா, பிரச்சினை இங்கிலீஷில். தமிழில் சொல்லிக் கேளுங்கள், டக்கென்று பதில் வருகிறதா, தலைக்குள் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அவன் தானாக வாசிக்கிற வரைக்கும் சயின்ஸ், சோஷியல் எல்லாவற்றையும் நீங்கள் படித்துக் காட்ட வேண்டும் என்கிறேன். அவன் எழுத்துக் கூட்டி முடிக்கும் வரை அறிவும் வளராமல் காத்திருக்க வேண்டுமா என்ன? கதை படித்துக் காட்டுவதையும் “இவ்வளவு பெரியவன் ஆயிட்டான்” என்று நிறுத்திவிடாதீர்கள்.

பணம் வீணாகிற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கலர் கண்ணாடி, கலர் தாள், கண் பயிற்சி வகுப்பு: இவை டிஸ்லெக்ஸியாவைச் சரிசெய்யும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் சேர்ந்தே அறிவித்தார்கள். மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன், கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைக்கிறேன் என்பார்கள், ஓடிவந்துவிடுங்கள். வல்லாரை துவையல் நன்றாக இருக்கும், சோற்றோடு சாப்பிடுங்கள். ஹேண்ட்ரைட்டிங் வகுப்பால் கையெழுத்து திருந்தலாம், வாசிப்பு வராது. இம்போசிஷன் எழுதவைப்பதில் எனக்குக் கோபமே வரும், தப்பான ஸ்பெல்லிங்கை ஐம்பது தடவை எழுதிப் பழகுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், அது சரிதான். கூடவே திங்கட்கிழமை முதல் பீரியடில் வகுப்பு முன்னால் நின்று சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு வலி அந்தப் பீரியடோடு வந்து அந்தப் பீரியடோடு போனது. மிஸ்ஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். ஒன்றே ஒன்று கேளுங்கள்: முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், எந்தப் பத்தி என்று முதல்நாளே சொல்லிவிட்டால் வீட்டில் பழகி வருவான். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். அவனிடமும் சொல்லிவிடுங்கள், “உனக்கு மூளை இல்லைன்னு இல்லடா, எழுத்தும் சத்தமும் உன் தலையில் இன்னும் கைகோக்கலை, நாம ரெண்டு பேரும் சேர்ந்து கோத்துவிடுவோம்” என்று. எட்டு வயதில் அவனாகவே தன்னை மக்கு என்று முடிவு செய்து வைத்திருப்பான், கேட்டால் சொல்லமாட்டான்.

மூன்று மாதம் கழித்து, தமுகி, பீலாடு, எம்-ஐ-எஃப் எழுதிய அந்தத் தாளை மறுபடி எடுங்கள். அதே சொற்களை வேண்டுமானால் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், மனப்பாடப் புலி அல்லவா. எத்தனை சரி, எவ்வளவு நேரம் எடுத்தான், எந்த எழுத்தில் நின்றான் என்று பழைய தேதிக்குக் கீழேயே குறித்து, அந்தத் தாளையும் மதிப்பீட்டுக்குப் போகும்போது கையில் கொண்டுபோங்கள். டீச்சர் ரிப்போர்ட்டைவிட அதைத்தான் நான் முதலில் வாங்கிப் பார்ப்பேன்.